விரல் நுனியில் கோலம் போடலாம் வாங்க!

புள்ளிக் கோலம் போடத் தெரியுமா உங்களுக்கு? அப்படின்னா நெயில் ஆர்ட் பாதி தெரிஞ்ச மாதிரிதான்! மார்கழி மாசம் வாசல் நிறையப் போடுறதை ஒரு சென்டிமீட்டர் இடத்துக்குள்ள அடக்கணும். மீதிப் பாதி அவ்வளவுதான்.

'அய்யோ, அதெல்லாம் பார்லர் சமாசாரம்... பாக்கெட் மணி தாங்காது'ன்னு ஒதுங்கிப் போற தோழிகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ரெண்டு மூணு கலர் நெயில் பாலிஷும், அவசரப்படாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் போதும். கலக்கிடலாம்!

என்னென்ன வேணும்?

பளிச்சுனு ரெண்டு மூணு ஷேட். நிறமே இல்லாத பாலிஷ் ஒண்ணு. அதையே அடியில பேஸ் கோட்டாவும், கடைசியில டாப் கோட்டாவும் பூசிக்கலாம். ரிமூவர், பஞ்சு. மத்ததெல்லாம் உங்க வீட்டு டிராயர்லயே இருக்கு: ஹேர் பின், பல் குத்தும் குச்சி, செலோ டேப், ஒரு துண்டு ஸ்பாஞ்ச் (பாத்திரம் தேய்க்கிறதா இருந்தாலும் பரவாயில்ல, புதுசா இருக்கணும்!), பழைய பிளாஸ்டிக் ஃபைல் கவர். கீழே விரிக்கப் பழைய பேப்பர் மறந்துடாதீங்க. தரையில கொட்டினா அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கப் போறது நீங்கதான்.

அவசரக் குடுக்கைகளுக்கு ஆகாது!

நல்லா வர்றதுக்கும் சொதப்புறதுக்கும் நடுவுல இருக்கிற ரகசியம் ஒண்ணே ஒண்ணு... மெல்லிசாப் பூசுறது! பாலிஷ்ல இருக்கிற முக்கியமான சரக்கு நைட்ரோசெல்லுலோஸ். அதை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் மாதிரியான திரவங்கள்ல கரைச்சு வெச்சிருப்பாங்க. நகத்துல பூசினதும் திரவம் ஆவியாகிப் பறந்துடும்; மெல்லிய படலம் மட்டும் ஒட்டிக்கும். 1920-கள்ல கார்களுக்கு அடிச்ச சீக்கிரம் காயும் பெயின்ட்டும் இதே நைட்ரோசெல்லுலோஸ் குடும்பம்தான்!

ஒரே தடவையில தடிமனாப் பூசினா, மேலே மட்டும் காய்ஞ்சு உள்ளே ஈரம் மாட்டிக்கும். ராத்திரி பூசிட்டுப் படுத்தா, காலையில நகத்துல பெட்ஷீட் டிசைன் பதிஞ்சிருக்கும். அதனால மெல்லிசா ரெண்டு கோட். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நல்லாக் காய விடணும். பாட்டிலைக் குலுக்காதீங்க, குமிழி வரும். உள்ளங்கைகளுக்கு நடுவுல வெச்சு உருட்டுங்க.

டிசைன் ஆரம்பிக்கலாமா?

புள்ளி: இதுதான் அரிச்சுவடி. பேப்பர்ல ஒரு சொட்டு பாலிஷ் விட்டு, ஹேர் பின்னோட உருண்டை முனையால தொட்டு நகத்துல வையுங்க. சுத்தி அஞ்சு புள்ளி, நடுவுல வேற கலர்ல ஒரு புள்ளி... பூ ரெடி! புள்ளி ஈரமா இருக்கும்போதே பல் குத்தும் குச்சியால நடுவை நோக்கி லேசா இழுத்தா, இதழ் மாதிரி கூராகிடும்.

டேப் கோடு: முதல் கலர் முழுசாக் காயட்டும். செலோ டேப்பை முதல்ல கையில ஒட்டி எடுத்து அதோட பிசுபிசுப்பைக் குறைச்சுக்கோங்க. அப்புறம் நகத்து மேல குறுக்கா ஒட்டி, மிச்ச இடத்துல ரெண்டாவது கலரைப் பூசணும். ஈரம் காயுறதுக்கு முன்னாடியே டேப்பை உரிச்சிடணும். காய்ஞ்ச பிறகு உரிச்சா ஓரம் பிய்ஞ்சு வரும். நுனியில மட்டும் வெள்ளைப் பட்டை விட்டா அதுதான் 'பிரெஞ்ச் மேனிக்யூர்'. பேர்தான் பிரெஞ்ச், 1970-கள்ல அதைப் பிரபலமாக்கினவர் ஓர்லி நிறுவனத்தைத் தொடங்கின அமெரிக்கர் ஜெஃப் பிங்க்!

ஸ்பாஞ்ச் ஷேடிங்: ஸ்பாஞ்ச் மேல ரெண்டு கலரையும் பக்கத்துல பக்கத்துல பட்டையாத் தடவி, நகத்துல ஒத்தி ஒத்தி எடுங்க. ரெண்டும் கலக்குற இடத்துல சாயங்கால வானம் மாதிரி ஒரு எஃபெக்ட். சுத்தி இருக்கிற தோல் மேல முதல்லயே டேப் ஒட்டிட்டா, துடைக்கிற வேலை மிச்சம்.

வாட்டர் மார்பிள்: கொஞ்சம் சீனியர்களுக்கான ஐட்டம். பழைய கிண்ணத்துல சாதாரண தண்ணீர் (ஃபிரிட்ஜ் தண்ணீர் வேணாம், சீக்கிரம் உறைஞ்சுடும்). ஒரு சொட்டு விட்டா வட்டமாப் பரவும். அது மேல இன்னொரு கலர், அது மேல இன்னொண்ணு. குச்சியால கோடு இழுத்து டிசைன் வரைஞ்சு, நகத்தைத் தட்டையா அழுத்தி முக்குங்க. மேலே மிதக்குற மிச்சத்தைக் குச்சியால ஒதுக்கிட்டு விரலை வெளியே எடுக்கணும். ஒவ்வொரு நகமும் ஒவ்வொரு டிசைன். காப்பி அடிக்கவே முடியாது!

கல் பதிக்கிறது: கல்யாண சீசனுக்கு. கல் வெச்ச ஸ்டிக்கர் பொட்டுல சின்னதா ஒண்ணு எடுத்து, டாப் கோட் ஈரத்துல வெச்சு, மேலே இன்னொரு கோட். முடிஞ்சது.

வலது கைக்கு என்ன வழி?

இடது கையில ரவிவர்மா, வலது கையில எல்.கே.ஜி... இது எல்லாருக்கும் நடக்குறதுதான். அதுக்குத்தான் அந்த ஃபைல் கவர். அது மேல ரெண்டு மூணு கோட் பூசி, பூவோ கோலமோ நிதானமா வரைஞ்சு முழுசாக் காய விடுங்க. அப்புறம் மெதுவா உரிச்சா ஸ்டிக்கர் மாதிரி வந்துடும். நகத்து அளவுக்கு வெட்டி, ஈரமான பேஸ் கோட் மேல ஒட்டி, டாப் கோட்டால மூடிடுங்க. வலது கையா, வரைஞ்சதா?! ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

'ஜெல்' ஆசை இருக்கா? ஒரு நிமிஷம்!

இப்போ ஆன்லைன்ல விளக்கோட சேர்த்து ஜெல் கிட் கிடைக்குது. 'வாரக்கணக்கா நிக்கும்'னு ஃப்ரெண்ட் சொல்லியிருப்பா. நிக்கும்தான். ஆனா இது காத்துல காயுற பாலிஷ் இல்ல. புற ஊதா ஒளி பட்டு ரசாயன மாற்றம் நடந்து இறுகுற சமாசாரம். அந்த ஜெல்லுக்குப் பொருத்தமில்லாத விளக்கா இருந்தாலோ, தடிமனாப் பூசினாலோ உள்ளே முழுசா இறுகாது. அந்த இறுகாத மெத்தாக்ரிலேட் தோல்ல படப்பட அலர்ஜி வரலாம். விரல் நுனி அரிக்கும், சிவக்கும், வெடிக்கும். நகம் படுக்கையை விட்டுத் தூக்கிக்கும். அந்தக் கை பட்ட கண் இமையும் அரிக்கலாம்.

வந்த அலர்ஜி பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பல் அடைக்குற வெள்ளை சிமென்ட், எலும்பு அறுவை சிகிச்சை சிமென்ட் இதுகள்லயும் அதே வகை ரசாயனம் இருக்கு. இருபது வயசு நெயில் ஆர்ட், அறுபது வயசு மூட்டு ஆபரேஷன்ல வந்து வம்பு பண்ணும்! 2018-ல பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் வீட்டு ஜெல் கிட் பத்தி எச்சரிச்சது. ஜெல்லை இறுக வைக்கிற டி.பி.ஓ.ங்கிற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய யூனியன் தடையே பண்ணிடுச்சு. அதனால வீட்டுல சாதாரண பாலிஷே போதும். பத்து நாள்ல அழிஞ்சா என்ன, புது டிசைன் போட ஒரு சாக்கு!

நகத்துக்கும் லீவு உண்டு!

தீபாவளிக்கு வெச்ச மருதாணி, பொங்கலுக்குள்ள பாதி நகத்தைத் தாண்டி மேலே ஏறிடும், பார்த்திருக்கீங்களா? விரல் நகம் மாசத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் புதுசாக ஆறு மாசம் ஆகும். கிளாஸ்ல போரடிக்குதுன்னு பாலிஷைச் சுரண்டி உரிச்சா, நகத்தோட மேல் அடுக்கும் சேர்ந்து வரும். அந்தச் சேதத்தோட பல மாசம் குடித்தனம் நடத்தணும்.

* ரிமூவரை நனைச்ச பஞ்சை நகத்து மேல கொஞ்ச நேரம் வெச்சிருந்து, ஒரே இழுப்பா எடுங்க. பரபரன்னு தேய்க்காதீங்க. அசிட்டோன் நகத்தை வறட்டும். அதனால கை கழுவிட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்க.

* நகத்து அடியில இருக்கிற மெல்லிய தோலை வெட்டாதீங்க. கிருமி உள்ளே போகாமத் தடுக்குற வாட்ச்மேன் அதுதான்.

* பாலிஷ், ரிமூவர் ரெண்டுமே சட்டுனு தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பு, விளக்கு, கொசுவத்திச் சுருள் பக்கத்துல வேணவே வேணாம். ஹாஸ்டல் தோழிகளே, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க.

* நர்சிங் மாணவிகள் நகத்தைக் குட்டையா வெட்டி, பாலிஷ் இல்லாமதான் வார்டுக்குப் போகணும். ஆபரேஷனுக்குப் போற யாரா இருந்தாலும் முதல்ல அழிச்சிடுங்க. விரல்ல மாட்டி ஆக்ஸிஜன் பார்க்குற கருவி, டார்க் கலர் பாலிஷ் இருந்தா தப்பாக் காட்டலாம்.

'காலேஜுக்கும் நகத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?'னு யாராவது இழுத்தா, 1988 சியோல் ஒலிம்பிக்ஸைச் சொல்லுங்க. வண்ணம் தீட்டின நீள நகங்களோடவே ஓடி மூணு தங்கம், ஒரு வெள்ளி வாங்கினவங்க ஃபிளாரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர்!

அப்புறம் என்ன... திங்கட்கிழமை அட்டெண்டன்ஸ்ல 'பிரசன்ட் மேம்'னு கையைத் தூக்கும்போது, அஞ்சு விரலையும் நல்லா விரிச்சே தூக்குங்க!