பாக்கியும் நாணயமும்

வீட்டு வாசலில் ‘வாடகைக்கு’ என்ற பலகையைத் தொங்கவிட்ட நாள் முதலாக, வருகிறவரின் ஊர், உத்தியோகம், குடும்பத்தில் எத்தனை பேர் என்ற பூர்வோத்தரங்களையெல்லாம் துருவிக் கேட்கும் சென்னை வீட்டுக்காரர்கள், முன்பிருந்த வீட்டில் அவர் வாடகை பாக்கி வைத்தவர் என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்த மாத்திரத்தில், மேற்கொண்டு ஒன்றும் கேளாமலே கதவைச் சாத்திவிடுகிறார்கள். விசாரணை தொடங்க வேண்டிய இடத்திலேயே அது முடிந்துவிடுகிறது.

பாக்கிகள் யாவும் ஒரே ரகமல்ல என்பதைச் சட்டமே உணர்ந்திருந்தது. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், தவறியவரையும் வேண்டுமென்றே தவறியவரையும் ஒரே தராசில் நிறுக்காமல், இரண்டு மாத நோட்டீஸுக்குப் பின்பும் பாக்கி நீடித்தால் அதை வேண்டுமென்று செய்ததாகக் கொள்ள வேண்டும் என்று 10ஆம் பிரிவில் விளக்கம் கூறியது. 2019 பிப்ரவரியில் புதிய சட்டம் அமலுக்கு வந்துவிட்ட போதிலும், அந்த விவேகம் பழசாகிவிடவில்லை.

மாம்பலத்தில் என் அத்தையின் மாடிப் போர்ஷனைக் கேட்டு வந்த அச்சகத் தொழிலாளி ஒருவர், தாமாகவே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். மாதந்தோறும் ஐந்தாம் தேதியில் விழுந்திருந்த பழைய வீட்டுக்காரரின் கையெழுத்து, ஓரிடத்தில் மூன்று மாதம் விழவே இல்லை. அதன் பிறகு ஏழு மாதங்கள், வாடகையோடு பாக்கியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரவு வைக்கப்பட்டு, இறுதியில் ‘பாக்கி இல்லை’ என்று எழுதியிருந்தது.

“மறைக்க மனசு வரலீங்கம்மா. சம்சாரத்துக்கு ஆபரேஷன்.”

“இப்போ எப்படி இருக்காங்க?” என்றுதான் அத்தை முதலில் கேட்டாள். வீடு அவருக்கே கிடைத்தது.

இரக்கத்தோடு விசாரணையும் வேண்டும். இப்போதைய வீட்டுக்காரர், தொல்லை தீர்ந்தால் போதுமென்று நற்சாட்சி சொல்லிவிடக்கூடும். அவருக்கும் முந்தையவருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லையாதலால், அவரைக் கேட்பதே உத்தமம். சிபில் மதிப்பெண் கடனையும் கிரெடிட் கார்டையும் பற்றிச் சொல்லுமேயன்றி, கையில் கொடுத்த வாடகையைப் பற்றிச் சொல்லாது. பத்து மாத அட்வான்ஸும் பரிகாரமாகாது. தட்டுத் தடுமாறி எழுந்திருப்பவரை அது வாசலிலேயே நிறுத்திவிடும், ஏய்க்க நினைப்பவரோ ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பார். வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்பதே இன்றைய சட்டம்.

வீட்டுக்காரர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான்: வாடகை வாங்கும்போதெல்லாம் தேதியிட்டு ரசீது கொடுங்கள். கஷ்ட தசையிலும் கடனைத் தீர்த்த ஒரு குடும்பத்துக்கு, அடுத்த வீட்டு வாசலில் சாட்சி சொல்ல அந்தக் காகிதத்தைத் தவிர வேறு துணை இல்லை.