உருண்டு வந்த வண்டியும் உயிர் காத்த வாரும்

சுவீடன் தேசத்தின் தென்பகுதியிலே கிறிஸ்தியன்ஸ்ராட் என்றொரு பட்டணம் உண்டு. 1959ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 13ஆந் திகதி அவ்வூர் மோட்டார் வியாபாரி ஒருவரிடம் புதிய கார் ஒன்று வந்து சேர்ந்தது. வொல்வோ கம்பனியின் பி.வி. 544 என்னும் கூன்முதுகுக் கார் அது. வெளியிலே பார்ப்பவருக்குப் புதுமை எதுவும் தோன்றியிராது. ஆனால் உள்ளே, முன் ஆசனங்களின் அருகே, தோளிலிருந்து மார்பின் குறுக்காக இறங்கி, இடுப்பையும் அணைத்துக்கொண்டு, ஆசனத்தின் பக்கத்திலே பூட்டிக்கொள்ளும் வார் ஒன்று தொங்கியது. அத்தகைய மூன்று முனை ஆசனப்பட்டியுடன் உலகத்திலே விற்பனைக்கு வந்த முதற் கார் அதுவே.

இன்று காரில் ஏறியதும் நாம் நினையாமலே கையை நீட்டி இழுத்துப் பூட்டும் பட்டியின் கதை இது. அதைத் தந்த கம்பனியின் கதையும் இதனுள் அடங்கும். அக்கம்பனியின் கார்களை நம்பி வாங்கிய குடும்பங்கள் கண்ட நன்மை தீமைகளையும் விட்டுவிடுவதற்கில்லை. பாதுகாப்பு என்ற ஒரு சொல்லையே தன் முதலாக வைத்து வியாபாரம் செய்த ஸ்தாபனம் அச்சொல்லை எவ்வளவுக்குக் காப்பாற்றியது என்று அறிய வாசகர்கள் விரும்புவார்கள் அல்லவா?

வொல்வோ என்பது இலத்தீன் மொழிச் சொல். ‘நான் உருளுகிறேன்’ என்பது அதன் பொருள். காருக்கென்று வைத்த பெயரன்று அது. சில்லுகள் தடையின்றிச் சுழலுவதற்கு அச்சிலே பொருத்தும் உருக்குக் குண்டுகளைச் செய்த எஸ்.கே.எப். என்னும் கம்பனி, அக்குண்டுகளுக்காக 1915ஆம் ஆண்டிலே பதிவு செய்து, பின்னர் பயன்படுத்தாது வைத்திருந்த பெயர். அங்கே விற்பனைப் பகுதியில் உயர்பதவி வகித்த அசார் கபிரியேல்சன் என்பவர், உருக்கிலே பேர்பெற்ற தமது நாடு கார்களை மட்டும் பிறநாட்டிலிருந்து வாங்குவானேன் என்று எண்ணினார். எஞ்சினியர் குஸ்தாவ் லார்சன் அவருடன் சேர்ந்தார். 1924இல் ஸ்ரொக்ஹோம் நகரத்துச் சாப்பாட்டுக் கடையொன்றிலே நண்டினத்தைச் சேர்ந்த சிற்றிறால்களைத் தின்றபடி இருவரும் இத்திட்டத்தைப் பேசி முடித்தார்கள் என்பது அக்கம்பனியார் விருப்பத்தோடு சொல்லும் கதை.

எஸ்.கே.எப். முதலிலே கையை விரித்தது. கபிரியேல்சன் தம் சொந்தப் பணத்தைப் போட்டுப் பத்து மாதிரிக் கார்களைச் செய்வித்தார். அவற்றைக் கண்ட பின்னரே கம்பனி மனமிரங்கி, பணமும், கொத்தன்பேர்க் நகரத்தை அடுத்த ஹிசிங்கன் தீவிலே தொழிற்சாலைக்கு இடமும், தூங்கிக்கிடந்த அந்தப் பெயரையும் கொடுத்தது.

1927 ஏப்ரில் 14ஆந் திகதி முதற் கார் தொழிற்சாலை வாயிலைத் தாண்டி வெளியே வந்தது. அதற்குச் சற்று முன்னர் நிகழ்ந்த வேடிக்கையொன்றையும் சொல்லவேண்டும். வண்டியை முன்னோக்கிச் செலுத்த முயன்றபோது அது பின்னோக்கி ஓடிற்றாம்! பின் அச்சிலுள்ள பற்சில்லுகளை மாறிப் பொருத்திவிட்டார்கள். அவசர அவசரமாக அதைச் சரிசெய்த பிறகே ‘நான் உருளுகிறேன்’ என்ற பெயருக்கேற்ப வண்டி முன்னே உருண்டது. அது மேற்கூரை நிலையாக இல்லாத திறந்த கார். விலை 4,800 குரோனர். பனியும் குளிர்காற்றும் மலிந்த சுவீடனிலே திறந்த காரை யார் விரும்பி வாங்குவார்? முதலாண்டிலே 297 கார்களே விற்பனையாகின. மூடிய கார் விரைவிலே வந்தது. 1928இல் வந்த லொறியோ நன்றாக விலைபோய்க் கம்பனியைத் தாங்கிப் பிடித்தது.

யுத்தம் முடியுமுன்பே, 1944இல், பி.வி. 444 என்னும் சிறிய காரை ஸ்ரொக்ஹோம் கண்காட்சியிலே வைத்தார்கள். உடைந்தாலும் கத்திபோலச் சிதறாத அடுக்குக் கண்ணாடி அதன் முகப்பிலே இருந்தது. ஆட்கள் இருக்கும் அறையை உறுதியான கூடுபோல அமைத்திருந்தார்கள். விலை 1927இல் சொன்ன அதே 4,800 குரோனர். பாதுகாப்பு என்ற பேச்சு அக்கம்பனியிலே உருப்பெறத் தொடங்கியது இக்காலத்திலேதான் என்று கொள்ளலாம்.

இனி ஆசனப்பட்டிக்கு வருவோம். நில்ஸ் பொலின் என்பவர் சுவீடனின் சாப் கம்பனியிலே ஆகாய விமானங்களுக்குச் சேவை செய்தவர். ஆபத்து வேளையிலே விமானியை ஆசனத்தோடு வெளியே தூக்கி எறியும் கருவி அவருடைய துறை. 1958இல் வொல்வோவுக்கு வந்தபோது அவருக்கு முன் இருந்த பிரச்சினை வேறு. ஐம்பது கிலோமீற்றர் வேகத்திலே செல்லும் கார் சுவரிலே மோதினால், கார் நிற்கும். உள்ளே இருப்பவரின் உடல் நிற்காது. அதே வேகத்திலே முன்னே பாய்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் சுக்கானிலோ கண்ணாடியிலோ மோதும். அதுகாறும் இருந்த பட்டிகளோ அரைகுறையானவை. இடுப்புப் பட்டி தலையையும் மார்பையும் காக்கவில்லை. அதன் பூட்டு வயிற்றிலே அழுந்தி உள்ளுறுப்புகளை நைத்தது. தோளிலே மட்டும் போட்ட பட்டியிலிருந்து உடல் நழுவிற்று. விமானிகள் அணியும் நாலைந்து வார்களைப் பூட்ட, கடைக்குப் போகும் குடும்பத்தலைவிக்குப் பொறுமை ஏது?

பொலின் கண்ட வழி எளிமையானது. இடுப்புக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று என்ற இரண்டையும் ஒரே வாரின் தொடர்ச்சியாக்கினார். அவை சந்திக்கும் இடத்தை வயிற்றின் நடுவிலிருந்து இடுப்பின் பக்கத்துக்குத் தாழ்த்தினார். மோதலின் விசையை உடலின் வலிய எலும்புகளான இடுப்பும் மார்புக்கூடும் ஏற்கும். எல்லாவற்றிலும் மேலாக, ஒரே கையால் பூட்டலாம். ஒரே கையால் கழற்றலாம். பூட்டுவதற்கு எளிதாக இராவிட்டால் எவரும் பூட்டமாட்டார் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அவருடைய அறிவின் நுட்பம் இந்த இடத்திலேதான் இருக்கிறது என்பது நமது எண்ணம்.

இதற்கு வொல்வோ காப்புரிமை பெற்றது. ஆயினும் அதைப் பூட்டி வைக்கவில்லை. எந்தக் கார்க் கம்பனியும் கட்டணமின்றி இந்த அமைப்பைப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. விளம்பரத்துக்காகச் செய்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. செய்தது எதற்காயினும் பிறர் குழந்தைகளும் அதனால் பிழைத்தன.

அப்படியானால் வாங்கியவர்கள் மகிழ்ந்தார்களா? அதுதான் இல்லை. விபத்து நேர்ந்தால் கட்டுண்டு கிடப்போம், கார் தீப்பற்றினால் வெந்து சாவோம் என்று அஞ்சியவர் பலர். ஆடை கசங்குகிறது என்றவர் சிலர். பொலின் வாதாடிக்கொண்டிராமல் கணக்கெடுத்தார். சுவீடனிலே நிகழ்ந்த 28,000 விபத்துக்களை ஆராய்ந்து 1967இல் முடிவை வெளியிட்டார். பட்டி அணியாதவர்கள் மிகக் குறைந்த வேகத்திலும் மாண்டிருந்தார்கள். அணிந்தவர்களிலோ, மணிக்கு ஏறத்தாழ 95 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்திலே எவரும் மாளவில்லை. 1968 முதல் ஐக்கிய அமெரிக்காவிலே புதிய கார்களின் முன் ஆசனங்களுக்கு ஆசனப்பட்டி கட்டாயமாயிற்று. பட்டி பிறந்த சுவீடனிலேகூட முன் ஆசனக்காரர் அதை அணிந்தே தீரவேண்டும் என்ற சட்டம் 1975இல்தான் வந்தது. நம் இலங்கையிலே அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 2011இல் என்பதை எண்ணும்போது, ஒரு நல்ல பொருள் ஊர்ந்து வர எத்தனை காலம் எடுக்கிறது என்று வியப்பாயிருக்கிறது.

குழந்தைகள் பின்னோக்கி இருக்கும் ஆசனமும் அந்நாட்டிலேயே தோன்றியது. சால்மர்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த பேர்ட்டில் அல்ட்மன், விண்வெளி வீரர்கள் புறப்படும்போது விசையை முதுகால் தாங்குவதைக் கண்டு, மெல்லிய கழுத்துள்ள குழந்தைக்கும் அதுவே தகும் என்று கருதினார். 1964இல் மாதிரி சோதிக்கப்பட்டது. 1972இல் வொல்வோ அதை விற்பனைக்கு விட்டது.

இக்கார்களை வைத்திருந்தோரிலே முதலில் நினைவுக்கு வருபவர் ஓர் ஆசிரியர். அமெரிக்காவின் லோங் ஐலண்ட் பகுதியிலே விஞ்ஞானம் கற்பித்த ஏர்வ் கோர்டன், 1966இல் சிவப்பு நிற பி. 1800 கார் ஒன்றை வாங்கினார். அதே காரிலே பாடசாலைக்குப் போனார், வந்தார், விடுமுறையிலே தேசம் சுற்றினார். 2013ஆம் ஆண்டு அலாஸ்காவிலே அந்தக் கார் 30 இலட்சம் மைல்களைக் கடந்தது. ஒரே உடமையாளர் ஒரே காரிலே ஓடிய தூரத்துக்கு உலக சாதனை அது. அவரிடம் மந்திரம் எதுவும் இருக்கவில்லை. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது, உடமையாளர் கைந்நூல் சொன்னபடி செய்வது, இவைதாம். 2018இல் அவர் காலமானார்.

எல்லாருக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. 1974 முதல் 1993 வரை, 28 இலட்சத்துக்கு மேலாகச் செய்யப்பட்ட 240 வரிசைக் காரை எடுத்துக்கொள்வோம். செங்கல்லைப் போன்ற தோற்றம். செங்கல்லைப் போன்ற உறுதி. பேரப்பிள்ளை காலம்வரை ஓடிய 240கள் உண்டு. ஆனால் எண்பதுகளிலே வந்த பல கார்களில் எஞ்சினுக்குப் போகும் மின்கம்பிகளின் மேலுறை நாளடைவிலே பொடிப்பொடியாக உதிர்ந்தது. சூடேற்றியின் விசிறி பழுதானால் அதை மாற்ற முகப்புப் பலகையின் பெரும்பகுதியையே கழற்றவேண்டும். கராஜ்காரர் அதன் பெயரைக் கேட்டாலே முகஞ்சுழிப்பார். இவற்றினும் வேடிக்கை, ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியிலிருந்த சிறிய பிளாஸ்டிக் பற்சில்லு உடைந்துபோவது. நீண்ட தூரம் ஓடுவதிலே பேர்பெற்ற கார், தான் ஓடிய தூரத்தையே எண்ண மறந்துவிடும்!

இவை செலவும் சலிப்புமேயன்றி உயிருக்கு ஆபத்தல்ல. நம்பிக்கையைக் குலைத்த செயல் 1990இல் நடந்தது. இராட்சதச் சில்லுகள் கொண்ட லொறியொன்று வரிசையாய் நின்ற கார்களின்மேல் ஏறிச் செல்கிறது. மற்றவை அப்பளம்போல நொறுங்க, வொல்வோ மட்டும் அசையாமல் நிற்கிறது. இப்படி ஒரு விளம்பரம் அமெரிக்காவிலே வந்தது. டெக்ஸாஸ் மாநிலத்துச் சட்டமா அதிபர் விசாரித்தபோது குட்டு வெளிப்பட்டது. வொல்வோவின் கூரைக்கு உள்ளே முட்டுக்கொடுத்திருந்தார்கள். மற்றக் கார்களின் தூண்களையோ முன்னதாகவே அறுத்து வைத்திருந்தார்கள். கம்பனி தவற்றை ஒப்புக்கொண்டு விளம்பரத்தை மீட்டது. 1991இல் கம்பனியும் விளம்பர நிறுவனமும் தலைக்கு 150,000 டொலர் கட்டின. உண்மையாகவே உறுதியான காருக்குப் பொய்முட்டு எதற்கு? அன்று பல வொல்வோ சொந்தக்காரர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியையே நாமும் கேட்கிறோம்.

பின்னர் கார்ப்பகுதி கைமாறிற்று. 1999இல் அமெரிக்காவின் போர்ட் கம்பனி 645 கோடி டொலர் கொடுத்து வாங்கியது. 2010இல் சீனாவின் ஜீலி கம்பனிக்கு மிகக் குறைந்த விலைக்கு விற்றது. லொறி செய்யும் பழைய வொல்வோ இவ்விற்பனையிலே சேரவில்லை. கார்களிலே இலத்திரன் கருவிகள் பெருகவே முறைப்பாடுகளும் புதுவகையாயின. 1999 முதல் வந்த சில வரிசைகளிலே எஞ்சினுக்குக் காற்றைக் கட்டுப்படுத்தும் கருவி தேய்ந்து, கார் வீதி நடுவிலே வலுவிழந்தது. அமெரிக்காவிலே உடமையாளர் பலகாலம் குறைகூறிய பிறகு, 2006இல் கம்பனி அக்கருவிக்கான உத்தரவாதத்தைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டியது. எக்ஸ்.சி. 90 என்னும் பெரிய காரின் முதல் வரிசையிலே, டி6 வகைக்குப் போட்ட கியர்ப்பெட்டி அநேகரின் பணப்பையைக் காலி செய்தது. அதே எக்ஸ்.சி. 90ஐப் பற்றித்தான், இங்கிலாந்தின் தாச்சம் ஆராய்ச்சி நிலையம் 2018இல் வேறொன்றைச் சொன்னது. பிற வாகனத்தோடு மோதிய விபத்துக்களிலே அக்காரில் இருந்தோர் ஒருவரேனும் அந்நாட்டில் மாண்டதாகப் பதிவில்லை. கராஜிலே கைவிட்ட கார், மோதலிலே கைவிடவில்லை.

2020க்குள் புதிய வொல்வோவிலே எவரும் மாளவோ பலத்த காயமடையவோ கூடாது என்று கம்பனி முன்னமே இலக்கு வகுத்திருந்தது. அந்த ஆண்டு தன் கார்களின் உச்ச வேகத்தை மணிக்கு 180 கிலோமீற்றராகவும் மட்டுப்படுத்தியது. ஆனால் அதே ஆண்டு ஜூலை மாதத்திலே வந்த செய்தி வேறு. 2006 முதல் 2019 வரை செய்யப்பட்ட ஏறத்தாழ 21 இலட்சம் கார்களைத் திருப்பி அழைப்பதாகக் கம்பனி அறிவித்தது. அதன் சரித்திரத்திலேயே அவ்வளவு பெரிய அழைப்பு முன்னர் இருந்ததில்லை. பழுது எங்கே என்றால், முன் ஆசனப்பட்டியிலே! பட்டியை ஆசனத்தோடு பிணைக்கும் உருக்குக் கயிறு, ஏறி இறங்குவோரால் வளைந்து வளைந்து காலப்போக்கிலே நைந்து, வேண்டிய வேளையிலே முழுப் பலத்தோடு தாங்காமற்போகலாம் என்று கண்டுபிடித்தார்கள்.

பொலின் அதைக் காண இருக்கவில்லை. அவர் 2002 செப்டெம்பரிலே காலமாகியிருந்தார். அக்குறையினால் விபத்தோ காயமோ நேர்ந்ததாக முறைப்பாடு எதுவும் இல்லை என்று கம்பனி கூறியது. கார்க்காரர்கள் கடிதம் கிடைத்ததும் கராஜுக்குப் போய்க் காத்திருந்தார்கள். அந்தக் கயிற்றுப் பகுதியைக் கட்டணமின்றிச் சரிசெய்து கொடுத்தார்கள். கார்க்காரரும் பட்டியை இழுத்துப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.