உண்பதும் உடல் ஏற்பதும்

காய்கறி, பழங்களின் சத்துகளைத் தனியே பிரித்தெடுத்தோ செயற்கையாக உருவாக்கியோ அடைத்த மாத்திரைகள் இன்று மருந்துக்கடைகளில் நிறைந்துள்ளன. புட்டியின்மேல் இத்தனை மில்லிகிராம் என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண் நாம் விழுங்கும் அளவைக் கூறுகிறது. குருதியில் கலக்கும் அளவையன்று.

கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை எடுத்துக்கொள்வோம். அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பச்சைக் கேரட்டில் உறுதியான செல்சுவர்களுக்குள் அது அடைபட்டுக் கிடக்கிறது. மெல்லுவதும் வேகவைப்பதும் அச்சுவர்களைத் தகர்க்கின்றன. விடுபட்ட கரோட்டின் உணவிலுள்ள எண்ணெயில் கரைகிறது. கல்லீரலில் சுரந்து சிறுகுடலுக்கு வரும் பித்தநீர் அவ்வெண்ணெயை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறச் செய்கிறது. அத்தகைய துளிகளில் ஏறியே கரோட்டின் குடற்சுவரின் செல்களை அடைகிறது. அங்குள்ள நொதியொன்று அதில் ஒரு பகுதியைப் பிளந்து வைட்டமின் ஏ ஆக மாற்றுகிறது. பின்னர் இரண்டும் கொழுப்புத் துகள்களோடு நிணநீர் நாளங்களின் வழியே குருதியில் சேர்கின்றன. கீரைக்கு எண்ணெயில் தாளிப்பதும் தேங்காய்த்துருவல் சேர்ப்பதும் சுவையோடு இப்பணிக்கும் துணைசெய்கின்றன.

இந்நெடுவழியில் இழப்பு மிகுதி. உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின், 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ அளவுக்கே ஈடாகக் கணக்கிடப்படுகிறது. எண்ணெயில் கரைத்த மாத்திரையாயின் 2 மைக்ரோகிராமே போதும். அவ்வாறாயின் மாத்திரையன்றோ மேலானது?

காய்கறிகளை மிகுதியாக உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டதால், அந்நன்மை கரோட்டினால் விளைந்ததாகலாம் எனப் பலர் எண்ணினர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டினைப் பல ஆண்டுகள் உட்கொண்டனர். 1994இல் வெளியான முடிவு அனைவரையும் திகைக்கவைத்தது. கரோட்டின் உட்கொண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது! அமெரிக்காவில் நடந்த இத்தகைய மற்றோர் ஆய்வு, 1996இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. புகையால் ஊறுபட்ட நுரையீரலில் அளவுமீறிய கரோட்டின் சிதைந்து, தீங்குதரும் பொருள்களாக மாறியிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து.

கேரட்டையே மிகுதியாக உண்டால் என்னவாகும்? உள்ளங்கைகள் மஞ்சள்நிறம் பெறும். உண்பதைக் குறைத்தால் அந்நிறம் மெல்ல மறைந்துவிடும்.