ஒரு கிராம் டைகுரோமேட்டும் ஏழாயிரம் லிட்டர் தண்ணீரும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமம் பகுதி, மலை தரும் தண்ணீரை நம்பி வளர்ந்த இடம். சரிவில் இறங்கும் மழைநீர் ஆசிரமத்தை அடுத்த பலாக்கொத்துத் தீர்த்தம் போன்ற குளங்களிலும் சமுத்திரம் ஏரியிலும் தேங்கி, மண்ணுக்குள் இறங்கி, கிணறுகளிலும் போர்வெல்களிலும் திரும்பக் கிடைக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் மட்டுமல்ல, பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவரும் லட்சக்கணக்கானோரும் இந்த ஊரின் தண்ணீரைக் குடிக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில், பள்ளி கல்லூரி வேதியியல் ஆய்வகங்களின் கழுவுதொட்டியில் ஊற்றப்படுவது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை ஆசிரியர்களின் கவலையாக மட்டும் விட்டுவிட முடியாது. ஆய்வகப் பாதுகாப்பு என்றதும் கையுறை, கண்ணாடி, வெள்ளை அங்கி ஆகியவைதான் நினைவுக்கு வருகின்றன. இவை தேவைதான். ஆனால், நச்சு வேதிப்பொருளைப் பாதுகாப்பாகக் கையாள்வது கொள்முதல் பட்டியலில் தொடங்கிக் கழிவுப் புட்டியில் முடிகிற வேலை. இடையில் ஒருவர் காட்டும் கவனத்தை மட்டும் நம்பினால் விபத்தையும் மாசையும் தடுக்க முடியாது.

ஆரஞ்சு நிறத்தின் கணக்கு

பொட்டாசியம் டைகுரோமேட்டையே எடுத்துக்கொள்வோம். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் இந்த உப்பு இல்லாத வேதியியல் ஆய்வகத்தைக் காண்பது அரிது. தரம்பார்த்தலில் பயன்படுகிறது, உப்புப் பகுப்பாய்வில் குளோரைடைக் கண்டறியும் குரோமைல் குளோரைடு சோதனைக்கு வேண்டியிருக்கிறது, அடர் கந்தக அமிலத்தோடு கலந்தால் கண்ணாடிக் கருவிகளின் கறை நீக்கும் குரோமிக் அமிலமாகிறது. இதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். இவ்வகைக் குரோமியச் சேர்மங்களை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்யப்பட்ட முதல் தொகுதியில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 விதிப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிராம் டைகுரோமேட்டில் ஏறத்தாழ 353 மில்லிகிராம் குரோமியம் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால், அந்த ஒரு கிராம் 7,000 லிட்டர் தண்ணீரை அனுமதிக்கப்பட்ட வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோகப் போதுமானது. ஒரு சிட்டிகை உப்பு ஒரு லாரித் தண்ணீருக்குச் சமமாகிறது.

குரோமியம் நிலத்தில் இறங்கினால் என்னவாகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. திருவண்ணாமலையும் ராணிப்பேட்டையும் 1989 வரை ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தவை. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடும் தொழிலுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனம் 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு 2 லட்சம் டன்னுக்கும் அதிகம். ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரில் குரோமியம் கலந்துகொண்டிருந்தது. ஆலைக் கழிவையும் ஆய்வகக் கழிவையும் அளவால் ஒப்பிட முடியாது. ஆனால், இரண்டிலும் வேதியியல் ஒன்றே. மண்ணில் இறங்கிய குரோமியத்தைத் திரும்ப எடுப்பது பெருஞ்செலவு. இறங்காமல் தடுப்பது மலிவு.

கவனமும் மூக்கும் ஏமாற்றும் இடங்கள்

அனுபவம் உள்ளவர்கள் கவனமாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் மரணம் இதற்குப் பதில் சொல்கிறது. குரோமியம் உடலின் செல்களை எப்படிச் சிதைக்கிறது என்று ஆராய்ந்து உலகப் பெயர் பெற்றவர் அவர். 1996 ஆகஸ்ட் 14 அன்று, டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மத்தின் ஓரிரு துளிகள் அவருடைய கையுறை மீது விழுந்தன. புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹுட்டுக்குள்தான் வேலை செய்தார். லேடெக்ஸ் கையுறையும் அணிந்திருந்தார். சில மாதங்களுக்குப் பிறகுதான் நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூன் 8 அன்று இறந்தார். அந்தச் சேர்மம் சில விநாடிகளில் லேடெக்ஸை ஊடுருவிவிடும் என்பது பின்னர் நடத்திய சோதனைகளில்தான் தெரியவந்தது. அவர் அன்றைய விதிகளில் எதையும் மீறவில்லை. அப்படி ஒரு பொருளைக் கையில் எடுத்த பிறகு, கவனத்தால் காப்பாற்ற முடிவது கொஞ்சமே. அதன்பின் அந்தச் சேர்மத்தையே கூடியவரை தவிர்க்க வேண்டும் என்பதுதான் அறிவியலாளர்கள் எடுத்த முடிவு.

நம் ஆய்வகங்களுக்கு நெருக்கமான இன்னொரு சான்று ஹைட்ரஜன் சல்பைடு. கிப்ஸ் உபகரணத்திலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றத்தை உப்புப் பகுப்பாய்வு செய்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். நாற்றம் குறைந்தால் ஆபத்தும் குறைந்தது என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்குக்கு எட்டும் இந்த வாயு, ஏறத்தாழ 100 பங்கை எட்டும்போது முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிக்கப்படுவதும் அந்த அளவுதான். எனவே, காற்றை இழுக்கும் விசிறி ஓடுகிறதா என்பதே முதல் கேள்வி. ஃபியூம் ஹுட்டின் வாயில் மெல்லிய காகிதக் கீற்று ஒன்றை ஒட்டிவைத்தால் போதும்: அது உள்பக்கமாக வளைந்தால் ஹுட் காற்றை இழுக்கிறது, அசையாமல் தொங்கினால் அது புட்டிகள் அடுக்கும் அலமாரிதான்.

இந்தச் சான்றுகளிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில், இந்தப் பொருள் வேண்டுமா என்று கேட்பது. வேண்டாமென்றால் நீக்குவது, மாற்று இருந்தால் மாற்றுவது, இரண்டும் இயலாவிட்டால் அளவைக் குறைப்பது. அதன் பிறகு காற்றோட்டம், கடைசியாகக் கையுறை. குரோமிக் அமிலத்துக்குப் பதில் சோப்புத்தூள் கரைசலில் ஊறவைத்தாலே பெரும்பாலான கறைகள் போய்விடும். குளோரைடைக் கண்டறிய வெள்ளி நைட்ரேட் சோதனை இருக்கிறது. கழிவுநீரின் மாசை அளக்கும் சிஓடி சோதனையின் பழைய முறையில், 50 மில்லிலிட்டர் மாதிரிக்கு ஒரு கிராம் பாதரச சல்பேட் சேர்க்கிறார்கள். மூடிய சிறு குழாயில் செய்யும் முறைக்கு 2.5 மில்லிலிட்டர் மாதிரி போதும். பாதரசமும் இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆய்வின் துல்லியத்தை இழக்காமலே இதைச் செய்யலாம்.

சொல்லப்படும் தடைகள்

“நாங்களும் இப்படித்தான் படித்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பது அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். மாணவர் ஓரிரு ஆண்டுகளில் வெளியேறிவிடுவார். அதே அறையில் முப்பது ஆண்டு அமிலம் ஊற்றி, புட்டி கழுவி, கரைசல் தயாரிப்பவர் ஆய்வக உதவியாளர். பாதுகாப்பை அவர் உடம்பிலிருந்து அளக்க வேண்டும். அபாயமான பொருளை நீக்கினால் மாணவருக்குக் கைத்திறன் வராது என்பது இரண்டாவது வாதம். பியூரெட்டில் கடைசித் துளியை நிறுத்தும் திறனுக்கு நச்சு உப்பு தேவையில்லை. ஒரு பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளின் பதினாறு பிரிவுகளையும் படித்துவிட்டுப் புட்டியைத் திறக்கும் பழக்கமும் வேதியியல் திறன்தான்; தொழிற்சாலையில் வேலைக்குப் போகும் மாணவருக்கு முதலில் வேண்டியதும் அதுவே.

மூன்றாவது வாதம் கனமானது: கழிவைச் சேர்த்துவைத்தாலும் யார் எடுத்துப்போவார்கள்? அபாயகரக் கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகள், அவற்றைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது என்கின்றன. தமிழ்நாட்டில் இத்தகைய கழிவை ஏற்கும் பொது வசதி கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஒரு கல்லூரியின் சில லிட்டர் கழிவுக்காகத் திருவண்ணாமலையிலிருந்து அங்கே வண்டி அனுப்புவது கட்டுபடியாகாது என்பது உண்மை. அதனால்தான் இதைத் தனித்தனி ஆய்வகங்களின் தலையில் கட்டக் கூடாது. மாவட்ட நிர்வாகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து, ஊரிலுள்ள எல்லா ஆய்வகக் கழிவையும் குறித்த நாளில் ஒரே வண்டியில் எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்தால் செலவு பங்காகிவிடும்.

அதுவரை ஆய்வகம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அமிலம் கலந்த டைகுரோமேட் கழிவில் பெரஸ் சல்பேட் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், ஆரஞ்சு நிறம் மங்கிப் பச்சையாகும். ஆறு இணைதிறன் குரோமியம், நச்சு மிகக் குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு காரம் சேர்த்தால் அது வீழ்படிவாக அடியில் தங்கும். அந்தச் சேற்றை வடிகட்டி, பெயரும் தேதியும் எழுதிய புட்டியில் மூடி வைக்க வேண்டும். ஆசிரியர் மேற்பார்வையில், ஃபியூம் ஹுட்டுக்குள் செய்யும் இந்த வேலையையே ஆக்சிஜனேற்ற ஒடுக்கப் பாடத்தின் செய்முறையாக வைக்கலாம். தான் உண்டாக்கிய கழிவைத் தானே அடக்கப் பழகும் மாணவர், வேதியியலை முழுமையாகக் கற்றவராகிறார். இந்த ஆண்டுக் கொள்முதல் பட்டியலைக் கையெழுத்துக்கு அனுப்பும் முன், ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே “இதன் கழிவு எங்கே போகும்?” என்று ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும். அந்தப் பத்தி காலியாக இருக்கும் பொருளை வாங்கக் கூடாது.