கத்தினால் குற்றமா? டென்னிஸ் கோர்ட்டில் ஓயாத 'சத்த' யுத்தம்!

1992 ஜூலை 4. விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் பெண்கள் ஒற்றையர் ஃபைனல். ஒரு பக்கம் ஸ்டெஃபி கிராஃப், மறுபக்கம் 18 வயது மோனிகா செலஸ். அந்த வருட ஆஸ்திரேலியன் ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன் இரண்டும் செலஸ் கையில் இருந்தன. பிரெஞ்சு ஃபைனலில் இதே கிராஃபிடம் மூன்றாவது செட்டில் 10-8 என்று மல்லுக்கட்டி ஜெயித்து நான்கு வாரம்தான் ஆகியிருந்தது.

ஆனால் அன்று ஆட்டம் பார்த்தவர்களுக்கு ஏதோ ஒன்று குறைந்தது. பந்தை அடிக்கும்போதெல்லாம் இரண்டு அசையில் வீறிடும் செலஸ், அன்று சத்தமே போடவில்லை.

காரணம், முந்தைய சில நாள்கள். காலிறுதியில் அவரிடம் தோற்ற பிரான்ஸின் நதாலி டோசியா சத்தம் பற்றிப் புகார் சொன்னார். அரையிறுதியில் மார்ட்டினா நவரத்திலோவாவும் அம்பயரிடம் முறையிட்டார். சத்தத்தைக் குறைக்கும்படி செலஸிடம் சொல்லப்பட்டது. அந்த மேட்சை செலஸ்தான் ஜெயித்தார். ஆனால் பிரிட்டிஷ் பத்திரிகைகள் விடவில்லை. அவர் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறார் என்று டெசிபல் கணக்குப் பார்த்துக் கேலி செய்தன.

ஃபைனலில் வாயை மூடிக்கொண்டு ஆடினார் செலஸ். மழை வேறு நடுநடுவே வந்து ஆட்டத்தை நிறுத்தியது. முடிவு: கிராஃப் 6-2, 6-1.

அந்த ஆண்டு யு.எஸ். ஓப்பனும் செலஸுக்கே. நான்கில் மூன்று கிராண்ட் ஸ்லாம், விட்டுப்போனது விம்பிள்டன் மட்டும். அடுத்த ஏப்ரலில் ஹாம்பர்க் கோர்ட்டில் ஒருவர் அவரைக் கத்தியால் குத்த, இரண்டு வருடங்களுக்கு மேல் ஆட முடியவில்லை. விம்பிள்டன் ஃபைனலுக்கு அவர் மறுபடி வரவே இல்லை. அன்று சத்தத்தை அடக்க நினைத்ததுதான் தன் பெரிய வருத்தங்களில் ஒன்று என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். கிராஃப் அன்று ஆடிய ஆட்டத்துக்கு, செலஸ் கத்தியிருந்தாலும் தோற்றிருக்கலாம். ஆனால், மனசு பந்தில் இல்லாமல் தொண்டையில் இருந்தால் எப்படி ஆட முடியும்?

சத்தத்தால் என்ன லாபம்?

விறகு பிளப்பவர் கோடரியை இறக்கும்போது 'ஹம்' என்று மூச்சை விடுவாரே, அதே கதைதான். ஃபுளோரிடாவில் செலஸ், ஆந்த்ரே அகாஸி, மரியா ஷரபோவா என்று பலரைப் பட்டை தீட்டிய கோச் நிக் பொலட்டியரி, இது மூச்சை வெளியே விடும் இயல்பான முறைதான் என்றார். 2014-ல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சத்தம் போட்டு அடித்தபோது சர்வ், ஃபோர்ஹேண்ட் இரண்டின் வேகமும் சுமார் 5 சதவிகிதம் கூடியது.

அப்படியென்றால் எதிராளிக்கு என்ன நஷ்டம்? 2010-ல் வெளியான இன்னோர் ஆய்வில், ஷாட் அடிக்கும் வீடியோக்களைக் காட்டி, பந்து எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார்கள். கூடவே இரைச்சல் ஒலித்தபோது பதில் தாமதமானது, தப்பும் கூடியது. தாமதம் ஒரு நொடியில் நூறில் இரண்டு, மூன்று பங்குதான். ஆனால் டென்னிஸில் அது சின்ன விஷயமில்லை. பந்து ராக்கெட்டில் படும் ஓசையை வைத்தே அதன் வேகத்தையும் சுழற்சியையும் கணிக்கிறோம், கத்தினால் அது காதில் விழாது என்பது நவரத்திலோவாவின் வாதம். 2009-ல் அவர் இதை 'ஏமாற்று' என்றே சொன்னார்.

ஆக, இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சிக்கல் சத்தத்தின் நீளத்தில் வருகிறது. ஷரபோவா, விக்டோரியா அசரென்கா போன்றவர்களின் சத்தம், பந்து வலையைத் தாண்டும்வரை இழுத்துக்கொண்டே போகும். 2005 விம்பிள்டனில் ஷரபோவாவின் சத்தம் 101 டெசிபல் என்று பதிவானது.

விதி என்ன சொல்கிறது? வேண்டுமென்றே எதிராளிக்கு இடைஞ்சல் செய்தால் பாயின்ட் போகும். 2011 யு.எஸ். ஓப்பன் ஃபைனலில், பந்து சமந்தா ஸ்டோசரிடம் போய்ச் சேருவதற்குள் 'கம் ஆன்' என்று கத்தினார் செரீனா வில்லியம்ஸ். அம்பயர் ஈவா அஸ்டராக்கி பாயின்ட்டைத் தூக்கி ஸ்டோசருக்குக் கொடுத்துவிட்டார். செரீனா கொதித்துப்போனார், மேட்ச்சிலும் தோற்றார். அதுவே அடிக்கும்போது வரும் நீண்ட சத்தம் என்றால், வேண்டுமென்றே செய்ததா, தானாக வந்ததா என்று யார் நிரூபிப்பது?

புகாரும் ஒரு தந்திரமாகலாம் என்பதுதான் இதில் பலர் கவனிக்காத விஷயம். ஆட்டம் கைநழுவும்போது அம்பயரிடம் போய் முறையிட்டால், எதிராளியின் கவனம் சிதறும். 1988 யு.எஸ். ஓப்பனில் இவான் லெண்டில், அகாஸியின் சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னார். ஆண்களும் கத்துகிறார்கள், நடாலையே பாருங்கள். ஆனால் டெசிபல் கணக்கும் கேலியும் பெரும்பாலும் பெண்களுக்குத்தான், அதிலும் டீன் ஏஜ் பெண்களுக்கு. 2018 ஆஸ்திரேலியன் ஓப்பனில் ஆஷ் பார்ட்டியோடு மோதிய சபலென்காவின் சத்தத்தைக் கூட்டமே கிண்டலாகத் திருப்பிக் கத்தியது.

2012-ல் பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ., சத்தத்தைக் குறைக்க ஒரு திட்டம் அறிவித்தது. இப்போதுள்ளவர்களுக்கு விலக்கு, வளரும் தலைமுறைக்குப் பயிற்சி, அம்பயர் கையில் சத்தத்தை அளக்கும் கருவி. அறிவிப்போடு சரி. அம்பயருக்கு இன்றும் சொந்தக் காதுதான் கருவி.

2009 பிரெஞ்சு ஓப்பனில் இதே பிரச்னையில் சிக்கியவர் போர்ச்சுகலின் மிஷெல் லார்ச்சர் டி பிரிட்டோ. அப்போது வயது 16. உள்ளூர்க்காரர் அரவான் ரெசாய் அவரது சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல, தோற்று வெளியேறிய அந்தப் பெண்ணைப் பாரிஸ் கூட்டம் கூச்சலிட்டு அனுப்பியது. சத்தத்தை விடமாட்டேன் என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருந்தார்.

நான்கு வருடம் கழித்து, 2013 விம்பிள்டன் இரண்டாவது சுற்று. தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்த லார்ச்சர் டி பிரிட்டோவுக்கு எதிரே நின்றவர் ஷரபோவா. இரண்டு பக்கமும் ஒரே சத்தம். 6-3, 6-4 என்று ஜெயித்தது, பாரிஸில் கூச்சல் வாங்கிய அதே பெண்.