எஸ்பிரெஸோ மிஷின் வாங்கப் போகிறீர்களா?

டிகிரி காபியில் ஊறிய நாக்குக்கு எஸ்பிரெஸோ எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதே இல்லை. எங்கள் வீட்டில் பித்தளை ஃபில்டரும் இருக்கிறது; இரண்டு வருஷமாக அதன் பக்கத்தில் ஓர் எஸ்பிரெஸோ மிஷினும் இருக்கிறது. இரண்டுக்கும் சண்டை கிடையாது. ஆனால் மிஷின் வந்ததிலிருந்து "எதை வாங்கலாம்?" என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். போன மாதம் மாடி வீட்டுப் பெண் வந்தாள். ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி. கணவருக்கு போனஸ் வந்திருக்கிறதாம். "அவர் வாங்கித் தரேங்கிறார் மாமி. அந்தக் காசுக்குக் குழந்தைக்கு ஒரு மோதிரமே பண்ணிடலாம். வீணாப் போயிடாதே?" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் எத்தனை பேர் காபிக்குக் காத்திருக்கிறார்கள்? முதலில் அதை எண்ணிப் பாருங்கள். இந்த மிஷின் ஒரு தடவைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு கப்தான் கொடுக்கும். ஒவ்வொரு முறையும் பொடியை நிரப்பி, அழுத்தி, இறக்கி, பாலைச் சூடாக்க வேண்டும். மாமனார், மாமியார், மைத்துனர் என்று ஆறு பேர் உள்ள வீட்டில் கடைசிக் காபி இறங்குவதற்குள் முதலில் குடித்தவருக்கு அடுத்த காபி தேவைப்பட்டுவிடும்! அப்படிப்பட்ட வீட்டுக்கு ஃபில்டரை விட்டால் வேறு கதியில்லை. ஒருவர் இருவர் மட்டும் நிதானமாக ரசித்துக் குடிக்கும் வீடா? மேலே படியுங்கள்.

'செமி ஆட்டோமேடிக்' என்றால் தண்ணீரைச் சூடாக்கி, பம்ப் வைத்து அழுத்தித் தள்ளுவது மிஷின் வேலை. பொடி அரைப்பது, அளப்பது, அழுத்துவது, எப்போது நிறுத்துவது என்று பார்ப்பது பெரும்பாலும் நம் வேலை. மாவு அரைத்து, பதம் பார்த்துப் பழகிய கைகளுக்கு இது பெரிய வித்தை அல்ல. 18 கிராம் பொடி போட்டால் சுமார் 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும். பத்து வினாடியில் கொட்டிவிட்டால் புளிக்கும்; பொடியை இன்னும் நைஸாக அரையுங்கள். சொட்டுச் சொட்டாக ஒரு நிமிஷம் இழுத்தால் கசக்கும். கொஞ்சம் பருமனாக அரையுங்கள். இவ்வளவுதான் சூட்சுமம்.

இதிலிருந்தே தெரிகிறதல்லவா, சாவி கிரைண்டரில் இருக்கிறது என்று! நம் மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி ரவையாகவும்தான் வரும். கையில் உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது நல்ல கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். கையால் சுற்றும் ரகத்தில்கூட எஸ்பிரெஸோவுக்கு ஏற்றவை இருக்கின்றன, சத்தமும் குறைவு. தூளியில் குழந்தை தூங்கும் வீட்டில் அது சாமான்யமான விஷயமா!

கடையில் "இது 15 பார், அது 20 பார்" என்பார்கள். மயங்காதீர்கள். ஒரு பார் என்பது கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு ஏறக்குறைய சமம். நல்ல எஸ்பிரெஸோவுக்கு அதுபோல் ஒன்பது மடங்கு, அதாவது 9 பார் போதும். 1961-ல் இத்தாலியில் ஃபேமா கம்பெனி மின்சாரப் பம்ப் வைத்துக் கொண்டுவந்த இ61 மிஷினின் கணக்கும் இதுதான். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் பம்பின் உச்ச சக்தி. கப்பில் அது ருசியாக இறங்காது.

அதைவிட, பொடி போடும் சல்லடைக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடியில் இரட்டைத் தகடு வைத்து ஒரே ஒரு துளை விட்டிருந்தால், எந்தப் பொடி போட்டாலும் நுரை வரும். ஆனால் அது வெறும் நுரை. அடி முழுக்க நுண்துளைகள் உள்ள ஒற்றைத் தகட்டுக் கிண்ணமும் அந்த மிஷினுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் நல்ல கிரைண்டர் வாங்கியும் பயனில்லை.

நடுத்தர விலையில் இரண்டு ஜாதி. காஜியா கிளாஸிக், ரான்ஸிலியோ சில்வியா போன்றவை கனமானவை. பல வருஷம் உழைக்கும், ரிப்பேர் செய்ய முடியும். ஆனால் நன்றாகச் சூடேற இருபது நிமிஷமாவது விட வேண்டும். ஒரே பாய்லர் என்பதால் காபி இறக்கிய பிறகு நீராவிக்காகக் கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். ப்ரெவில் பம்பினோ போன்றவை சில வினாடியிலேயே தயார். ஆனால் உள்ளே கோளாறு என்றால் வீட்டில் கைவைக்க முடியாது. மாடி வீட்டுப் பெண்ணுக்கு நான் இரண்டாவது ரகத்தைத்தான் சொன்னேன். குழந்தை தூங்கும் கால் மணியில் மிஷின் சூடேறுவதையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் வோல்டேஜைப் பாருங்கள். அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட், நமக்கு 230. மிஷினின் வாட்டையும் பாருங்கள். 1400, 1500 வாட் என்றால் மிக்ஸி போடும் சின்னப் பிளக்கில் போடாதீர்கள். கீஸருக்கு உள்ளது போல 16 ஆம்ப் பாயிண்ட் வேண்டும்.

நீராவிக் குழாய் விஷயத்தில் கவனம். தவழும் குழந்தை வயரைப் பிடித்து இழுத்தால் போச்சு! மேடையின் உட்பக்கமாகத் தள்ளி வையுங்கள். பாலை 60, 65 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள், இனிப்புப் போய்விடும். நம் வீட்டுப் பெரியவர்கள் "ஆறிப்போச்சே" என்பார்கள், சமாளிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சூடு பாலைக் காய்ச்சியதற்குச் சமமல்ல. கறந்த பால் வாங்குகிறவர்கள் முதலில் காய்ச்சி, ஆற வைத்து, ஃபிரிஜ்ஜில் குளிர வைத்த பிறகே இதில் உபயோகிக்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது. அவர்கள் கணக்கில் 60 மில்லி எஸ்பிரெஸோவில் 80 மில்லிகிராம். 18 கிராம் பொடியில் இறக்கினால் இன்னும் கூடும். ரோபஸ்டா கொட்டை கலந்திருந்தால் அதற்கும் மேலே. அதனால் ஒரு கப்போடு நிறுத்தச் சொன்னேன். "ஒண்ணுக்காகவா மாமி இவ்வளவு செலவு?" என்று சிரித்தாள். குழந்தை வளர்ந்துவிடும், மிஷின் அங்கேயேதான் இருக்கும் என்றேன்.

சிக்கரி கலந்த பொடியை இதில் போடவே கூடாது. தண்ணீர் பட்டதும் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். வறுத்த தேதி போட்ட தனிக் காபிக் கொட்டையாக, கால் கிலோ கால் கிலோவாக வாங்குங்கள்.

இன்னொரு சத்துரு உப்புத் தண்ணீர். போர் தண்ணீரை ஊற்றினால் பாய்லருக்குள் கெட்டிலில் படிவது மாதிரியே சுண்ணாம்பு படியும். வடிகட்டிய குடிதண்ணீர் ஊற்றி, கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன இடைவெளியில் சுண்ணாம்பு நீக்கும் மருந்தையும் விடுங்கள். நீராவிக் குழாயைப் பால் சூடாக்கிய கையோடு ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி நீராவியை வெளியே விடுங்கள். காய்ந்தால் சுரண்டினாலும் போகாது. கைப்பிடி மாட்டும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. குக்கர் காஸ்கெட் போல நாளாவட்டத்தில் இறுகி ஒழுக ஆரம்பிக்கும். அது தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊரில் சர்வீஸ் ஆள் உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.