ஒரு புள்ளி செய்த வேலை! வருமான வரியை ஒழிக்கும் சண்டை

ஒரு சின்னப் புள்ளி. எறும்பின் தலை அளவுகூட இருக்காது.

அந்தப் புள்ளி ஒரு மாநிலத்தின் வரிச் சட்டத்தையே மாற்றிவிட்டது என்றால் நம்ப முடிகிறதா?

நடந்தது அமெரிக்காவில். இடம், மிசிசிப்பி மாநிலம். ஆண்டு 2025.

வருமான வரியை அடியோடு ஒழிப்பதா, வேண்டாமா என்று அங்கே காரசாரமான விவாதம் நடந்துகொண்டிருந்தது. "உடனே ஒழி" என்றது ஒரு சபை. "மெல்ல மெல்லப் பார்க்கலாம்" என்றது இன்னொரு சபை. இரண்டு சபையிலும் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்குத்தான். சண்டை கட்சிக்குள்ளேயே!

மெதுவாகப் போகவேண்டும் என்ற செனட் சபை ஒரு மசோதாவை எழுதியது. அதில் ஒரு நிபந்தனை வைத்தது. வரியைக் குறைத்தால் கஜானாவுக்கு எவ்வளவு நஷ்டமோ, அதில் நூற்றுக்கு 85 பங்காவது உபரிப் பணம் கையில் இருக்கவேண்டும். இருந்தால்தான் குறைக்கலாம்.

ஆனால் எழுதும்போது தவறு நேர்ந்துவிட்டது. 85 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0.85 என்று விழுந்துவிட்டது.

வரிக் குறைப்பால் 40 கோடி டாலர் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். செனட் சபை நினைத்தபடி 34 கோடி டாலர் உபரி வேண்டும். புள்ளி விழுந்த சட்டப்படி, வெறும் 34 லட்சம் டாலர் போதும்!

பூட்டுப் போட நினைத்தார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள்.

அந்த மசோதாவை மறு சபை அப்படியே நிறைவேற்றிவிட்டது. 2025 மார்ச் 27-ந் தேதி கவர்னர் டேட் ரீவ்ஸ் கையெழுத்துப் போட்டார். புள்ளியோடு சட்டமாயிற்று.

இரண்டு வருமான வரி

நம் நாட்டில் சம்பளக்காரரிடம் வருமான வரி வாங்குவது மத்திய அரசாங்கம் ஒன்றுதான். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே வாஷிங்டனில் உள்ள மத்திய அரசாங்கத்துக்கு ஒரு வருமான வரி. அதற்கு மேல், தான் குடியிருக்கும் மாநிலத்துக்கு இன்னொரு வருமான வரி.

விஸ்கான்சின் மாநிலம் 1911-ல் இதற்கு ஒழுங்கான வழி கண்டது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. இப்போது பெரும்பாலான மாநிலங்களில் இந்த வரி உண்டு. ஆனால் டெக்ஸாஸ், புளோரிடா, டென்னஸி போன்ற சில மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது.

இங்கேதான் சண்டை தொடங்குகிறது.

மிசிசிப்பிக்கு அடுத்த வீடு டென்னஸி. எல்லையைத் தாண்டினால் வரி இல்லை! மிசிசிப்பி ஏழை மாநிலம். சுமார் 30 லட்சம் ஜனங்கள். 2010-க்கும் 2020-க்கும் இடையில் ஜனத்தொகை சற்றுக் குறைந்தும் விட்டது. "படித்த பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறார்கள். தொழில் நடத்துகிறவர்கள் வரி இல்லாத இடத்தைத் தேடுகிறார்கள். உழைத்துச் சம்பாதித்த பணத்தில் அரசாங்கம் ஏன் கை வைக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள், வரியை ஒழிக்க விரும்புகிறவர்கள்.

கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்பவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் அல்ல.

எதிர்ப்பவர்களும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணம் வேண்டும். வருமானத்தில் வாங்காவிட்டால் வேறு எதில் வாங்குவீர்கள்?"

அந்தக் கேள்விக்குப் பதில் மளிகைக் கடையில் இருக்கிறது.

வரி இல்லை, ஆனால் வரி உண்டு

டெக்ஸாஸில் வருமான வரி இல்லை. ஆனால் வீட்டு வரி கடுமை. டென்னஸியில் சம்பளத்துக்கு வரி இல்லை. ஆனால் கடையில் சாமான் வாங்கினால் நூற்றுக்கு 7 டாலர் மாநில விற்பனை வரி. அரிசி, ரொட்டி போன்ற உணவுப் பொருள்களுக்குக் கூட நூற்றுக்கு 4.

பணக்காரர் ஆனாலும் ஒரு நாளைக்கு எத்தனை ரொட்டி சாப்பிடுவார்? ஏழைக் குடும்பமோ வருமானத்தில் பெரும் பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கிறது. ஆகையால் உணவின் மீது போடும் வரி, ஏழையின் வருமானத்தில்தான் பெரிய பங்கைத் தின்கிறது.

மிசிசிப்பியில் 2025 ஜூன் வரை மளிகைச் சாமானுக்கும் நூற்றுக்கு 7 வரி இருந்தது. அமெரிக்க மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். புதிய சட்டம் இதை 5 ஆகக் குறைத்தது. நூறு டாலருக்குச் சாமான் வாங்கும் இல்லத்தரசிக்கு 2 டாலர் மிச்சம்.

ஆனால் அதே சட்டம் பெட்ரோல் மீது வரியை ஏற்றியது. ஒரு காலனுக்கு ஆண்டுக்கு 3 சென்ட் வீதம், மூன்று ஆண்டுகளில் 9 சென்ட். இது சாலைகளுக்காக. மிசிசிப்பி கிராமங்களில் கார் இல்லாமல் வேலைக்குப் போவது கடினம்.

ஓய்வு பெற்ற முதியவர்கள் பாடு என்ன? மிசிசிப்பியில் ஓய்வூதியத்துக்கு முன்பே மாநில வருமான வரி கிடையாது. வரியை ஒழித்தால் அவர்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு 10,000 டாலருக்குக் கீழே சம்பாதிக்கும் ஏழைக்கும் அப்படியே. முதல் 10,000 டாலருக்கு வரி இல்லை. கட்டாத வரியை ஒழித்து என்ன பயன்?

கன்சாஸ் கதை

விவாதம் சூடாகும்போதெல்லாம் ஒரு பெயர் அடிபடுகிறது. கன்சாஸ்!

கோதுமை விளையும் மாநிலம். 2011-ல் சாம் பிரௌன்பேக் அங்கே கவர்னர் ஆனார். அமெரிக்காவில் கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதல் மந்திரியைப்போல் அதிகாரம் உள்ளவர்.

பிரௌன்பேக்குக்கு ஓர் ஆசை. கன்சாஸில் வருமான வரியைப் படிப்படியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டும். "வரியைக் குறைத்தால் தொழில் பெருகும், தொழில் பெருகினால் கஜானா நிறையும்" என்று சொல்லி வந்த ஆர்தர் லாஃபர் என்ற பொருளாதார நிபுணர் அவருக்கு ஆலோசனை சொன்னார்.

2012 மே மாதம் கவர்னர் சட்டத்தில் கையெழுத்திட்டார். உச்ச வரி விகிதம் 6.45-லிருந்து 4.9 ஆக இறங்கியது. அது மட்டும் அல்ல. சிறு நிறுவனம், கூட்டு வியாபாரம், பண்ணை ஆகியவற்றின் சொந்தக்காரர்களுக்கு, அந்தத் தொழிலில் வரும் லாபத்துக்கு மாநில வருமான வரி அடியோடு கிடையாது!

இதன் விளைவைப் பாருங்கள். கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா சம்பளத்துக்கு வரி கட்டினார். அதே கடையின் முதலாளி லாபத்துக்கு ஒரு சென்ட் கூடக் கட்டவில்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தச் சலுகையைப் பெற்றார்கள்.

மாநிலத்தின் இதயத்துக்கு ஊசி போட்டதுபோல் பலன் தெரியும் என்றார் கவர்னர்.

பலன் தெரிந்தது. கஜானாவில்!

2014-ல் முடிந்த நிதி ஆண்டில் வருவாய் சுமார் 70 கோடி டாலர் குறைந்தது. சாலைக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து பணத்தை எடுத்துப் பொதுச் செலவுக்குப் போட்டார்கள். அதுவும் போதவில்லை. 2015-ல் விற்பனை வரியை 6.15-லிருந்து 6.5 ஆக ஏற்றினார்கள். கன்சாஸில் அப்போது மளிகைச் சாமானுக்கும் அந்த வரிதான். சிகரெட் வரியும் ஏறியது.

ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கினார்கள். கொடுத்தது ஒருவருக்கு, வாங்கியது வேறொருவரிடம்.

பள்ளிக்கூடங்களும் தப்பவில்லை. 2015-ல் சில ஊர்களில், பணம் இல்லாததால் குறித்த நாளுக்கு முன்பே பள்ளிக்கூடங்களை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். விடுமுறை என்று பிள்ளைகள் குதித்திருப்பார்கள். பெற்றோர் குதிக்கவில்லை. வழக்கு நடந்தது. கல்விக்கு ஒதுக்கும் பணம் போதாது என்று 2017 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது.

27 ஓட்டு

கவர்னரின் சொந்தக் கட்சிக்காரர்களே பொறுமை இழந்தார்கள். 2017 பிப்ரவரியில், வரிக் குறைப்பை நீக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள். கவர்னர் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார்.

அவரை மீற வேண்டுமானால் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கீழ்ச் சபையில் கிடைத்தது. செனட்டில் மூன்று ஓட்டுக் குறைந்தது. கவர்னர் தப்பினார்.

ஜூன் மாதம் மீண்டும் ஒரு மசோதா. மீண்டும் கவர்னர் மறுத்தார். செனட்டில் மறுபடியும் ஓட்டெடுப்பு. 40 பேரில் 27 பேர் வேண்டும்.

விழுந்த ஓட்டு, சரியாக 27!

கீழ்ச் சபையிலும் கவர்னர் தோற்றார். ஐந்து ஆண்டுப் பரிசோதனை முடிந்தது. வரி விகிதம் மீண்டும் ஏறியது. முதலாளிகளுக்கு இருந்த சலுகையும் போயிற்று.

வரியை ஒழிக்க விரும்புகிறவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். "கன்சாஸ் அவசரப்பட்டது. செலவைக் குறைக்காமல் வரியை மட்டும் குறைத்தது. அந்தச் சமயம் விளைபொருள் விலையும் எண்ணெய் விலையும் விழுந்தன. வட கரோலினாவைப் பாருங்கள்" என்கிறார்கள். வட கரோலினா 2014-ல் எல்லோருக்கும் ஒரே விகிதமாக 5.8 வைத்து, சிறுகச் சிறுக இறக்கி, 2026-ல் 3.99-க்கு வந்தது. கன்சாஸில் நடந்ததுபோல் பின்வாங்கவில்லை.

இந்தப் பதிலில் உண்மை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட கரோலினா இன்னும் பூஜ்யத்துக்கு வரவில்லை. குறைப்பது வேறு; ஒழிப்பது வேறு.

ஒழித்த மாநிலம் ஒன்று

வாங்கி வந்த வருமான வரியை உண்மையிலேயே ஒழித்த மாநிலம் அலாஸ்கா. பனி மூடிய வட கோடி.

1968-ல் அங்கே புரூடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 1977-ல் குழாய் வழியே எண்ணெய் ஓடியது. பணம் கொட்டியது. 1980-ல் "இனி வருமான வரி வேண்டாம்" என்று எடுத்துவிட்டார்கள். மாநில விற்பனை வரியும் கிடையாது. அதோடு நின்றார்களா? எண்ணெய்ப் பணத்தில் ஒரு பகுதியைத் தனி நிதியாகச் சேமித்து, 1982 முதல் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பங்கு கொடுத்தார்கள். முதல் ஆண்டு ஆளுக்கு 1,000 டாலர். கைக்குழந்தைக்கும் உண்டு!

பூலோக சொர்க்கம் என்று தோன்றும். ஆனால் எண்ணெய் விலை விழுந்தபோது அலாஸ்காவும் ஆடிப்போயிற்று. 2016-ல் கவர்னர் பில் வாக்கர் அந்தப் பங்குத் தொகையில் பாதியை வெட்டினார். 2,000 டாலருக்கு மேல் எதிர்பார்த்த ஜனங்களுக்குக் கிடைத்தது 1,022. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது 5,000 டாலர் நஷ்டம். 2017-ல் வருமான வரியை மீண்டும் கொண்டுவரக் கீழ்ச் சபை ஒப்புக்கொண்டது. செனட் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒழித்த வரியைத் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு எளிதல்ல. மிசிசிப்பியிடம் அலாஸ்காவின் எண்ணெய் வயல்களும் இல்லை.

இனி என்ன?

2025-ல் கையெழுத்தான சட்டப்படி, மிசிசிப்பியின் வருமான வரி 2026-ல் நூற்றுக்கு 4. பிறகு ஆண்டுக்குக் கால் கால் பங்காக இறங்கி, 2030-ல் 3 ஆகும். கழிவுகள் எல்லாம் போக 20,000 டாலருக்கு வரி கட்டும் ஒருவர், 2026-ல் 800 டாலர் கட்டுவார். 2030-ல் 600 கட்டுவார்.

புள்ளி வேலை செய்வது அதற்குப் பிறகு. 3-லிருந்து பூஜ்யம் வரை இறங்கும் வழியில்தான் அந்த 0.85 உட்கார்ந்திருக்கிறது.

பெட்ரோலுக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. முதல் 3 சென்ட் 2025 ஜூலையிலேயே ஏறிவிட்டது.